கும்பகோணத்திலிருந்து தலைக்காவிரி வரை: மாநில எல்லை தாண்டும் கார் பயணத்துக்கு எரிபொருள் செலவு போடும் முழு வழிகாட்டி

ஐப்பசி பிறக்கும்போது குடகு மலையில் தலைக்காவிரியில் தீர்த்தம் பொங்கும் என்பார்கள். அதே மாதத்தில்தான் மாயவரம் துலாக்கட்டத்தில் முழுக்கு. "ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகாது" என்று சொல்லிக்கொண்டு இங்கேயே முங்கி எழுகிற எங்கள் வீட்டில், ஒரு வருஷம் ஆற்றின் மூலத்தையே பார்த்துவிட்டு வரலாம் என்று பேச்சு கிளம்பியது. பேச்சு கிளம்பிய ஐந்தாவது நிமிஷம் சித்தப்பா கேட்டார்: "அது சரிப்பா, பெட்ரோலுக்கு எவ்வளவு ஆகும்?" பத்தாவது நிமிஷம் மச்சான் சொன்னான்: "கர்நாடகாவுல விலை ஜாஸ்தியாம். இங்கேயே ரெண்டு கேன்ல பிடிச்சு டிக்கில போட்டுக்கலாம்."

அந்தக் கேனுக்குப் பதிலாகத்தான் இந்த வழிகாட்டி. அதன் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லைக்கு அப்பால் லிட்டர் என்ன விலை என்பது இந்தக் கணக்கில் சில்லறை. உங்கள் வண்டி உண்மையில் எத்தனை லிட்டர் குடிக்கும் என்பதுதான் நோட்டு. பெரும்பாலானவர்கள் சில்லறையை எண்ணுவதில் நேரத்தைச் செலவழித்துவிட்டு நோட்டை எண்ணாமலே கிளம்புகிறார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் கிளம்பினேன்.

உதாரணத்துக்கு கும்பகோணத்திலிருந்து தலைக்காவிரி போய்வரும் ஐந்து பேர், ஒரு சிறிய பெட்ரோல் கார் என்று வைத்துக்கொள்வோம். மன்னார்குடியோ திருவாரூரோ நாகப்பட்டினமோ, உங்கள் ஊரிலிருந்து தஞ்சாவூர் வரையுள்ள தூரத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் படி: தூரத்தைத் துண்டு துண்டாக எழுதுங்கள்

போன் வரைபடம் "இத்தனை கிலோமீட்டர்" என்று ஒரே எண்ணாகச் சொல்லும். அது போதாது. சமவெளியில் ஒரு கிலோமீட்டரும் மலையில் ஒரு கிலோமீட்டரும் பெட்ரோல் கணக்கில் ஒன்றல்ல. அதனால் துண்டுகளாக எழுத வேண்டும்.

நான் போகும்போது எடுத்த வழி ஆற்றை ஒட்டியது. கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் 40 கி.மீ. அங்கிருந்து திருச்சி 55. திருச்சியிலிருந்து முசிறி, தொட்டியம் வழியாக நாமக்கல் 85. நாமக்கல்லிலிருந்து சேலம் 50, சேலத்திலிருந்து மேட்டூர் 50. ஆக மேட்டூர் வரை 280 கி.மீ. இதெல்லாம் சமவெளி.

மேட்டூரிலிருந்து கொளத்தூர் தாண்டி, பாலாறு சோதனைச் சாவடியில் கர்நாடகாவுக்குள் நுழைந்து, மாதேஸ்வரன் மலை 45 கி.மீ. மலையிலிருந்து ஹனூர் வழியாகக் கொள்ளேகால் 75. கொள்ளேகாலிலிருந்து மைசூர் 65. கொள்ளேகால் பக்கத்திலேயே சிவனசமுத்திரம். ஸ்ரீரங்கப்பட்டணம் ஆதிரங்கம், சிவனசமுத்திரம் மத்தியரங்கம், நம்ம ஸ்ரீரங்கம் அந்தியரங்கம் என்பதால் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அங்கே இறங்காமல் விடமாட்டார்கள். மைசூரிலிருந்து மடிக்கேரி 120, மடிக்கேரியிலிருந்து பாகமண்டலா வழியாகத் தலைக்காவிரி 50.

மொத்தம் 635 கி.மீ. திரும்பும்போது மைசூர், சாம்ராஜ்நகர், திம்பம், சத்தியமங்கலம், ஈரோடு, கரூர், திருச்சி என்று வந்தால் 610 வாக்கில் வரும். போக வர 1,245.

இதோடு நிறுத்திவிடாதீர்கள். சாப்பாட்டுக்கு ஊருக்குள் நுழைவது, தங்கும் அறைக்குப் போய்வருவது, வழி தப்புவது, "இவ்வளவு தூரம் வந்துட்டோம், அந்த அருவியையும் பார்த்துடலாமே" என்பது, எல்லாம் சேர்ந்து நூற்றுக்குப் பதினைந்து கிலோமீட்டர் கூடும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் வழியிலுள்ள எந்தக் கோயிலும் தப்பாது. இருபது கூட வைக்கலாம். நம் கணக்குக்கு 1,450 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

இதில் மலையும் மெதுவான சாலையும் எவ்வளவு? மேட்டூர்–கொள்ளேகால் 120, குசால்நகரிலிருந்து மடிக்கேரி ஏறி இறங்க 60, மடிக்கேரி–தலைக்காவிரி போக வர 100, திம்பம் பகுதி 75, ஊர் சுற்றல் 100. கிட்டத்தட்ட 450. மீதி 1,000 சமவெளி.

வழியைப் பற்றி இரண்டு எச்சரிக்கைகள். திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் போகும் சாலை. இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை கார் விடமாட்டார்கள். சத்தியமங்கலம் பக்கத்திலிருந்து ஏறிப் போகிறவர்கள் ராத்திரி மலையடிவாரத்துப் பண்ணாரியில் போய் மாட்டிக்கொண்டால் சத்தியமங்கலத்துக்குத் திரும்ப வேண்டும், அது ஒரு லிட்டர் வீண். இன்னொன்று, கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூரு வழியாகப் போகிறவர்களுக்கு: பெங்களூரு–மைசூர் விரைவுச் சாலையில் 2023 ஆகஸ்டு முதல் பைக்குக்கும் ஆட்டோவுக்கும் அனுமதி இல்லை. பைக்கில் போகிற தம்பிகள் பக்கத்துச் சேவைச் சாலையில்தான் போக வேண்டும்.

இரண்டாம் படி: வண்டியின் உண்மையான மைலேஜ்

இங்கேதான் நிதானமாக உட்கார வேண்டும்.

ஷோரூமில் சொன்ன மைலேஜை மறந்துவிடுங்கள். அது சோதனைக்கூடத்தில் எடுத்த எண். ஒருவர் உட்கார்ந்து, ஏசி போடாமல், நிதான வேகத்தில் ஓட்டினால்கூட நம் சாலையில் அது வராது. டேஷ்போர்டில் தெரிகிற சராசரி பரவாயில்லை. ஆனால் என் வண்டியில் அது உண்மையைவிட ஒரு கிலோமீட்டர் கூட்டியே காட்டுகிறது. நம்பத் தகுந்தது ஒரே வழி, பழைய லாரி டிரைவர்கள் செய்கிற ஃபுல் டேங்க் முறை.

பயணத்துக்குப் பத்து நாள் முன்னால் ஒரு பங்கில் ஃபுல் டேங்க் அடியுங்கள். நாசில் தானாகக் கட் ஆகும் முதல் "டக்" சத்தத்தோடு நிறுத்தச் சொல்லுங்கள். "ரவுண்டா ஆக்கிடவா சார்?" என்று கேட்பார்கள், வேண்டாம். மீட்டரில் டிரிப்பை ஜீரோ ஆக்குங்கள். குறைந்தது 200 கி.மீ. ஓட்டுங்கள். கும்பகோணம் வீதிக்குள் சுற்றியது மட்டும் கணக்கில் வந்தால் பயனில்லை. திருச்சி வரை ஒரு தடவை போய்வாருங்கள். திரும்பி அதே பங்கில், முடிந்தால் அதே நாசிலில், மறுபடி முதல் டக் வரை அடியுங்கள். ஓடிய கிலோமீட்டரை, இரண்டாவது முறை பிடித்த லிட்டரால் வகுத்தால் அதுதான் உங்கள் மைலேஜ். முதல் முறை பிடித்த லிட்டர் கணக்கில் வராது. இந்தத் தப்பைப் பலர் செய்கிறார்கள்.

அந்த எண்ணிலிருந்து கழிக்க வேண்டியவை உண்டு.

ஐந்து பேரும் சாமானும். சமவெளியில் சீரான வேகத்தில் இது பெரிதாகத் தெரியாது. மலையில் தெரியும். கும்பகோணம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 25 மீட்டர். தலைக்காவிரி 1,276 மீட்டர். ஆள், பை, பலகாரத் தூக்கு எல்லாம் சேர்த்து ஒன்றரை டன் எடையை 1,250 மீட்டர் உயரம் தூக்க வேண்டும். இயற்பியல்படி அதற்கு 18 மெகாஜூலுக்குச் சற்று மேல் ஆற்றல். ஒரு லிட்டர் பெட்ரோலில் முப்பது மெகாஜூல் சொச்சம் இருந்தாலும் சக்கரத்துக்கு வந்து சேருவது கால்வாசிதான். ஆக, தூக்குவதற்கு மட்டும் இரண்டரை லிட்டர். அதுவும் ஒரே ஏற்றமாக ஏறினால். மாதேஸ்வரன் மலையில் ஏறி, கொள்ளேகாலுக்கு இறங்கி, மறுபடி மடிக்கேரிக்கு ஏறுகிறோம் என்பதால் அதற்கு மேலும் ஆகும்.

வேகம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 80ல் போகும்போது இருக்கும் எதிர்ப்பு 100ல் ஒன்றரை மடங்குக்கு மேல். நாமக்கல்–சேலம் நாலுவழிச் சாலையைப் பார்த்ததும் கால் தானாக அழுந்தும். அந்த ஐம்பது கிலோமீட்டரில் மிச்சமாவது ஏழெட்டு நிமிஷம். அதற்குக் கொடுக்கும் விலையைப் பலகையில் யாரும் எழுதிவைப்பதில்லை. கூரைமேல் கேரியர் கட்டி மூட்டை வைத்தாலும் இதே கதைதான். சாமானை டிக்கிக்குள் அடக்க முடியுமா என்று முதலில் பாருங்கள்.

எத்தனால். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோல் பெரும்பாலும் இருபது சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. பழைய வண்டிகளில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று 2021ல் நிதி ஆயோக் வெளியிட்ட எத்தனால் திட்ட ஆவணமே சொன்னது. அதற்கென வடிவமைத்த புது வண்டிகளில் 1 முதல் 2 சதவீதம்தான். உங்கள் வண்டி 2015 மாடல் என்றால், அப்போது குறித்து வைத்த மைலேஜை இப்போது எடுத்துக்கொள்ளாதீர்கள்.

டயர் காற்று, ஏர் ஃபில்டர் எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். கிளம்புவதற்கு முந்தின நாள், டயர் சூடாகாமல் இருக்கும்போது காற்று பாருங்கள். முழு ஆள் ஏறினால் எவ்வளவு வைக்க வேண்டும் என்று டிரைவர் கதவு ஓரத்து ஸ்டிக்கரில் தனியாகப் போட்டிருப்பார்கள்.

எங்கள் காருக்கு இதையெல்லாம் கழித்து நான் வைத்துக்கொண்டது: சமவெளியில் லிட்டருக்கு 17, மலையில் 13. சமவெளி 1,000 கி.மீ.க்கு 59 லிட்டர், மலை 450க்கு 35 லிட்டர். மொத்தம் 94 லிட்டர்.

மூன்றாம் படி: விலை எப்படி மாறுகிறது

பெட்ரோலும் டீசலும் இன்னும் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை. மத்திய அரசின் கலால் வரி நாடு முழுக்க ஒன்று. அதன்மேல் ஒவ்வொரு மாநிலமும் தன் வாட் என்கிற மதிப்புக் கூட்டு வரியைப் போடுகிறது. 2017 ஜூன் 16 முதல் விலை தினமும் காலை 6 மணிக்கு மாறலாம் என்று ஆனது. அதனால் ஆறு மணிக்கு முன் ஒரு விலை, பின் ஒரு விலை இருக்க வாய்ப்புண்டு. ஆனாலும் பல மாதங்கள் அசையாமல் நின்றதும் உண்டு.

2025 நிலவரப்படி தமிழ்நாட்டில் பெட்ரோலுக்கு வாட் 13 சதவீதமும் அதன்மேல் லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசும். டீசலுக்கு 11 சதவீதமும் 9 ரூபாய் 62 காசும். இதில் பெட்ரோல் கணக்கு 2021 ஆகஸ்டில் மூன்று ரூபாய் குறைத்தபோது வந்தது. கர்நாடகாவில் நிலையான தொகை இல்லை, சதவீதம் மட்டும். 2024 ஜூனில் பெட்ரோலுக்கு 25.92லிருந்து 29.84 சதவீதமாக உயர்த்தினார்கள், டீசலுக்கு 14.3லிருந்து 18.4. பிறகு 2025 ஏப்ரலில் டீசல் 21.17 ஆனது.

கேட்க பயமாக இருக்கிறது, இல்லையா? பலகையில் பாருங்கள். 2025ல் சென்னையில் பெட்ரோல் 101 ரூபாயை ஒட்டி, பெங்களூரில் 103ஐ ஒட்டி. இரண்டே ரூபாய். டீசலோ தலைகீழ்: சென்னையில் 92 ரூபாய்க்குச் சற்று மேல், பெங்களூரில் 91. டீசல் வண்டிக்காரர் எல்லை தாண்டிப் போய் அடித்தால்தான் லாபம்!

இன்னொன்றும் உண்டு. தமிழ்நாட்டுக்குள்ளேயே விலை ஒன்றல்ல. எண்ணெய் நிறுவனத்தின் டிப்போவிலிருந்து பங்க் எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்து வண்டிக்கூலி சேரும். எல்லைக்குப் போகப் போக, கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம், சென்னையைவிட விலை கூடுதலாகத்தான் இருக்கும். "ஓசூர்ல ஃபுல் பண்ணிடு, தாண்டினா கொள்ளை" என்பது பழைய பேச்சு. பல நாட்களில் ஓசூருக்கும் எல்லைக்கு அந்தப் பக்கத்து அத்திப்பள்ளிக்கும் உள்ள வித்தியாசம் ஒரு டீக்காசுகூடத் தேறாது.

நீங்கள் கிளம்பும் நாளில் என்ன விலை என்பதை எண்ணெய் நிறுவனங்களின் செயலியில் ஊர்வாரியாகப் பார்க்கலாம். உங்கள் ஊர், மேட்டூர், மைசூர், மடிக்கேரி, இந்த நான்கின் விலையையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டால் போதும்.

லிட்டர் 102 ரூபாய் சராசரி என்று வைத்தால், 94 லிட்டருக்கு 9,588 ரூபாய். பத்து சதவீதம் கைக்காவல் சேர்த்தால் பத்தரை ஆயிரம். சித்தப்பாவின் கேள்விக்குப் பதில் அதுதான்.

இப்போது ஆரம்பத்தில் சொன்னதைச் சரிபார்ப்போம். கர்நாடகாவில் நாம் பிடிக்கப் போவது 45 லிட்டர். லிட்டருக்கு இரண்டு ரூபாய் கூடுதல் என்றால் 90 ரூபாய். அவ்வளவுதான் எல்லையின் விலை. அதே நேரம் கண்டபடி ஓட்டி மைலேஜ் இரண்டு கிலோமீட்டர் குறைந்தால், அதாவது 15க்கும் 11க்கும் வந்தால், 108 லிட்டர் பிடிக்கும். கூடுதல் செலவு 1,400 ரூபாய்க்கு மேல்.

டீசல் எஸ்யூவி வைத்திருப்பவர்கள் சமவெளிக்கு 15, மலைக்கு 11 என்று போட்டு, விலை 92 என்றால் பத்தாயிரத்தை ஒட்டி வரும். பைக்குக்கு லிட்டருக்கு 45 என்றால் 32 லிட்டர், 3,300 ரூபாய்.

காரைக்கால் கேள்வி

டெல்டாவில் எரிபொருள் என்று பேச ஆரம்பித்தால் காரைக்கால் வராமல் போகாது. புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் துண்டு நம் வயல்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது. 2025 ஜனவரியில் அங்கே வரி கூட்டிய பிறகும் அந்த ஆண்டு பெட்ரோல் 96 ரூபாயை ஒட்டி, டீசல் 86, 87. நம் பக்கத்தைவிட ஐந்தாறு ரூபாய் குறைவு. "முதல்ல காரைக்கால் போய் ஃபுல் பண்ணிட்டு அப்புறம் மேற்கே திரும்பலாம்" என்று சொல்லும் ஒருவர் எல்லார் வீட்டிலும் இருக்கிறார். எங்கள் வீட்டில் இரண்டு பேர்.

கணக்கு எளிது. பிடிக்கும் லிட்டரை விலை வித்தியாசத்தால் பெருக்கினால் மிச்சம் கிடைக்கும். சுற்றிப் போகும் கிலோமீட்டரை மைலேஜால் வகுத்து விலையால் பெருக்கினால் செலவு கிடைக்கும். மிச்சம் பெரிதா, செலவு பெரிதா?

30 லிட்டர், வித்தியாசம் 6 ரூபாய் என்றால் மிச்சம் 180. மயிலாடுதுறையிலிருந்து காரைக்கால் சுமார் 40 கி.மீ.; போக வர 80. லிட்டருக்கு 16 ஓடினால் 5 லிட்டர், 480 ரூபாய். முந்நூறு ரூபாய் நஷ்டம். கும்பகோணத்திலிருந்து இன்னும் மோசம். நாகப்பட்டினத்துக்காரர் நாகூர் தாண்டி, காரைக்கால் எல்லையிலுள்ள வாஞ்சூர் போனால் பத்து கிலோமீட்டர் வாக்கில். போக வர செலவு 120 ரூபாய், மிச்சம் 60. ஒரு டிபன் தேறும்.

இதைத் திருப்பிப் போட்டால் ஒரு சட்டம் கிடைக்கிறது: சிறிய காருக்கு ஒரு வழி தூரம் 15 கிலோமீட்டருக்குள் இருந்தால் மட்டும் காரைக்கால் லாபம். அம்பகரத்தூர், திருநள்ளாறு பக்கம் வேறு வேலையாகப் போகிறீர்கள், சனீஸ்வரனைப் பார்த்துவிட்டு வருகிறீர்கள் என்றால் தாராளமாக நிரப்புங்கள். பெட்ரோலுக்காக மட்டும் போகாதீர்கள். 200 லிட்டர் டீசல் பிடிக்கும் லாரிக்குக்கூட, லிட்டருக்கு 4 கி.மீ. ஓடும் வண்டி என்றால், முப்பது கிலோமீட்டருக்கு மேல் கட்டுப்படியாகாது.

கேன் விஷயம். பயணிகள் இருக்கும் காரில், வெயிலில், பிளாஸ்டிக் கேனில் பெட்ரோல் ஏற்றாதீர்கள். மிச்சம் எவ்வளவு? இருபது லிட்டர் கேனுக்கு நாற்பது ரூபாய். அந்த நாற்பது ரூபாய்க்கு ஐந்து உயிரும் பெட்ரோல் ஆவியும் ஒரே கண்ணாடிக் கூண்டுக்குள். மச்சானிடம் இதைச் சொன்னபோது, "இல்ல, சும்மா சொன்னேன்" என்றான்.

(எல்லை என்றால் கடல் தாண்டியது என்று நினைத்து வந்தவர்களுக்கு: நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கிய கப்பல் ஆட்களுக்கு மட்டும். கார் ஏற்ற முடியாது.)

நான்காம் படி: எங்கே நிரப்புவது

எங்கள் கார் டேங்க் 37 லிட்டர். அதில் ஐந்து லிட்டரைத் தொடாத காவலாக விட்டால் 32. சமவெளியில் 540 கி.மீ., மலையில் 415. காகிதத்தில் பார்த்தால் கும்பகோணத்தில் நிரப்பி மைசூரில் போய் நிரப்பலாம். முதல் பயணத்தில் நான் அப்படித்தான் நினைத்தேன். அதுவும் கிளம்பும்போது டேங்க் முக்கால்தான். பாலாறு தாண்டிக் காட்டுக்குள் ஏறும்போது முள் கீழே சாய்ந்தது, மஞ்சள் விளக்கு எரிந்தது. வளைவுக்கு வளைவு ஏற்றம். வண்டி சாய்ந்து நிற்கும்போது முள் இன்னும் கீழே போகும், நிமிர்ந்தால் கொஞ்சம் மேலே வரும். பின்சீட்டில் பேச்சு நின்றுபோனது. மலைக்கோயில் வந்து சேர்ந்து விசாரித்து நிரப்பும்வரை ஏசி போடவில்லை. அத்தை மாதேஸ்வரனுக்கு வேண்டிக்கொண்டது பெட்ரோலுக்காக.

இப்போது நான் செய்வது இப்படி. கும்பகோணத்தில் ஃபுல். மேட்டூரில் மலைக்கு முன் மறுபடி ஃபுல், 280 கி.மீ.க்கு 16 லிட்டர் சொச்சம் பிடிக்கும். இது மைலேஜ் சோதனையும்கூட. ஃபுல்லிலிருந்து ஃபுல் என்பதால் சமவெளி மைலேஜ் அங்கேயே தெரிந்துவிடும். 17 என்று எழுதியிருந்தேன், 16.2 லிட்டர் பிடித்தது, 17.3 வந்தது, நிம்மதி. 15 என்று வந்தால் மேட்டூரிலேயே மொத்தக் கணக்கையும் திருத்திவிடுவேன், பணம் தீர்ந்தபிறகு மடிக்கேரியில் திருத்துவதைவிட அது மேல். மைசூரில் மூன்றாவது ஃபுல். மலை மைலேஜ் அங்கே தெரியும். மடிக்கேரியில் தலைக்காவிரிக்குக் கிளம்பும் முன் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம், பாகமண்டலா பக்கம் போய்த் தேடாதீர்கள். திரும்பும்போது மைசூரில் ஒன்று, கரூரில் ஒன்று.

டீசல் என்றால் மேட்டூரில் தேவைக்கு மட்டும் போட்டுக்கொண்டு கொள்ளேகாலிலோ மைசூரிலோ ஃபுல் செய்யுங்கள், திரும்பும்போது மைசூரில் ஃபுல் செய்து கிளம்புங்கள்.

பங்கில் இறங்கி நில்லுங்கள். கர்நாடகாவிலும் அதற்கு "பங்க்" என்றுதான் பெயர். "ஃபுல் டேங்க்" என்றால் புரியும், ஜீரோவைக் காட்டச் சொல்வதற்கு விரலே போதும். ஒரு நெடுஞ்சாலைப் பங்கில் என் 37 லிட்டர் டேங்க் 39 லிட்டர் குடித்ததாக மீட்டர் காட்டியது. டேங்கில் ஏற்கெனவே ஐந்து லிட்டராவது இருந்தது! கழுத்துவரை ஊற்றினால் சொன்ன அளவைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும் என்பது உண்மைதான். ஏழு லிட்டர் கூடுதலாகப் பிடிக்காது. ஒவ்வொரு பங்கிலும் முத்திரை வைத்த ஐந்து லிட்டர் அளவைப் பாத்திரம் இருக்கும். சந்தேகம் வந்தால் அதில் பிடித்துக் காட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. நான் கேட்டேன். மேனேஜர் வந்தார், பில்லைத் திருத்தினார், பாத்திரம் மட்டும் வரவில்லை.

மலையில் ஓட்டுவது

ஏறும்போது டாப் கியரிலேயே வண்டியை இழுக்காதீர்கள். மூச்சுத் திணறும் டாப் கியரைவிடச் சரியான இரண்டாவது கியர் குறைவாகக் குடிக்கும். இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் மிச்சம் என்பது கார்புரேட்டர் காலத்துப் பழக்கம். இப்போதைய இன்ஜெக்‌ஷன் வண்டியில், கியரில் வைத்து ஆக்சிலேட்டரை விட்டால் எரிபொருள் அறவே நின்றுவிடும். நியூட்ரலில்தான் ஐட்லிங்குக்குக் குடித்துக்கொண்டே இருக்கும். பிரேக் சூடாகிப் போகும் ஆபத்து வேறு. திம்பத்தின் 27 வளைவையும் கியரிலேயே இறங்குங்கள்.

பெட்ரோல் அல்லாத வழிச்செலவு

சுங்கச்சாவடிப் பணம் இந்தப் பத்தரை ஆயிரத்தில் சேராது. அடிக்கடி நெடுஞ்சாலையில் போகிறவர் என்றால், 2025 ஆகஸ்டு 15 அன்று 3,000 ரூபாய்க்கு அறிமுகமான ஆண்டு பாஸ் பாருங்கள்: சொந்தக் காருக்கு, தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளில், ஓராண்டு அல்லது 200 தடவை. இந்த ஒரு பயணத்துக்காக மட்டும் வாங்கினால் தேறாது. சொந்த வண்டியில் கர்நாடகா போய்வர பெர்மிட் தேவையில்லை. மஞ்சள் பலகை வேன் எடுத்தால் கதை வேறு. பெர்மிட், வரி, டிரைவர் பேட்டா, இவை வாடகைக்குள்ளா வெளியேயா என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

வேறு திசையில் போகிறவர்களுக்கு இரண்டு வரி. திருப்பதிக்கு என்றால் எல்லை உண்மையாகவே கடிக்கும். 2025ல் ஆந்திராவில் பெட்ரோலுக்கு 31 சதவீதமும் அதன்மேல் ஐந்து ரூபாயும் போட்டிருந்தார்கள். லிட்டருக்கு ஏழெட்டு ரூபாய் கூடுதல். வேலூரில் ஃபுல் செய்துகொண்டு போய், நிரப்பாமல் திரும்பி வாருங்கள். குடகிலிருந்து கேரளக் கரைக்கு இறங்கி வர ஆசை என்றால், கேரளாவிலும் விலை அதிகம். ஆனால் தலச்சேரிக்குப் பக்கத்தில் மாஹே இருக்கிறது. நம் காரைக்காலின் கூடப் பிறந்தது, அதே புதுச்சேரி ஆட்சி. அங்கே லிட்டருக்குப் பத்து ரூபாய்க்கு மேல் குறைவு. வழியிலேயே இருப்பதால் சுற்றுச் செலவும் இல்லை.

கடைசிப் படி: பணத்தைப் பிரிப்பது

இது கணக்கு இல்லை, உறவு. எங்கள் வீட்டில் கார் என்னுடையது என்பதால் பெட்ரோலுக்கு யாராவது காசு கொடுக்க வரும்போதெல்லாம் "இருக்கட்டும், இருக்கட்டும்" என்பது வழக்கம். மூன்றாவது நாள் அந்த "இருக்கட்டும்" கொஞ்சம் சுருதி இறங்கிவிடும். அதனால் கிளம்புவதற்கு முன்பே தலைக்கு 2,100 ரூபாய், ஐந்து பேருக்குப் பத்தரை ஆயிரம், ஒரு மஞ்சள் பைக்குள் போட்டு அத்தை கையில் கொடுத்துவிடுகிறோம். பங்கில் அத்தைதான் காசு எண்ணிக் கொடுப்பார். பில்லும் அதே பைக்குள். ஐம்பது ரூபாய் டீக்குக்கூட அதில் கைவைக்க அவர் விட்டதில்லை.

ஊர் திரும்பியதும் வீட்டுக்குப் போகும் முன் முதலில் நிரப்பிய அதே பங்கில் ஃபுல் செய்துவிடுங்கள். அப்போதுதான் கணக்கு மூடும். இல்லாவிட்டால் காலி டேங்க் வண்டிக்காரர் தலையில். போன தடவை எங்களுக்கு 1,418 கி.மீ., 91.6 லிட்டர், 9,370 ரூபாய். பையில் மீதி 1,130. அதை அத்தை திருப்பித் தரவில்லை. அடுத்து திருநள்ளாறு போகணுமாம். காரைக்காலில் ஃபுல் பண்ணிக்கலாமாம்.